நாலு எழுத்துக்கு மேல் ஒரு கத்தரி

பிப்ரவரி 3

அன்புள்ள சுண்டுவுக்கு, அம்மா எழுதுவது.

நான் நலம். முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முனகுகிறது, அதை விடு. உனக்குச் சளி குறைந்ததா? போனில் கேட்கலாம் என்றால் மூன்று தடவை அடித்தால் ஒரு தடவை எடுக்கிறாய். எடுத்த கொஞ்ச நேரத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. கடிதம் என்றால் நான் பேசி முடிக்கும்வரை நீ குறுக்கே வர முடியாது. அதனால் இனிமேல் கடிதம்தான்.

விஷயம் இதுதான். என் இடது கையில் இருக்கும் நாலு எழுத்தை மறைக்கப் போகிறேன். அதன்மேல் வேறு படம் குத்திக்கொள்ளலாமாம். இப்போதெல்லாம் அப்படிச் செய்கிறார்களாம்.

போன வாரம் ஒரு அம்மாள் தன் பெண்குழந்தைக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைக்க வந்தாள். இஸ்திரிப் பெட்டியின் வெக்கை தாங்காமல் நான் ரவிக்கையின் நீளக் கையை மடித்துவிட்டிருந்தேன். இஞ்சு டேப்பை இடுப்பில் சுற்றும்போது அந்தக் குழந்தை என் முழங்கைக்குக் கீழே விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தது. மை கசிந்து ஊதிப்போன எழுத்து அல்லவா, ஏதோ இருமல் மருந்தின் பேர் மாதிரி வந்தது. கடையே சிரித்தது. காஜா போடுகிறவள் பொத்தான் டப்பாவைக் கவிழ்த்துவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். குழந்தை விட்டால்தானே! "இது யாரு அத்தை?" என்றது. "தெரியல கண்ணு, ரொம்ப நாளா இருக்கு" என்றேன்.

உன் அப்பா வேறொருத்தியோடு போய்ப் பத்தொன்பது வருஷம். அவர் பேர் கையில் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது என்று சொன்னால் நம்புவாயா? நம்பாதே.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு டாட்டூ கடை இருக்கிறது. ஒன்று குத்திக்கொண்டால் இன்னொன்று இலவசம் என்று வாசலில் பலகை. "இன்னொண்ணு எதுக்குப்பா, இருக்கிற ஒண்ணே போனா போதும்" என்றேன். கடைக்காரன் ஆல்பத்தைப் புரட்டிக் காட்டினான். புலி, சிறகு, கடிகாரம். எல்லாமே பளபளவென்றுதான் இருந்தன. நல்ல வேலையா, கெட்ட வேலையா, எனக்கு என்ன தெரியும்? துணி என்றால் திருப்பிப் பார்த்தால் போதும், உள்பக்கத் தையல் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். தோலை எப்படித் திருப்பிப் பார்ப்பது?

நீ ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க ஊசியையும் கத்தியையும் வேகவைக்கிறவள். எதையெதைப் பார்க்க வேண்டும் என்று எழுது. போன மாதமே வருகிறேன் என்றாய், என்ன ஆச்சு?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா


பிப்ரவரி 17

அம்மாவுக்கு,

சளி போய்விட்டது. முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கச் சொன்னேனே, கொடுத்தாயா? கொடுத்திருக்க மாட்டாய்.

முதலில் ஒன்று. நாங்கள் எதையும் வேகவைப்பதில்லை. அழுத்தமான நீராவியில் கிருமி நீக்குகிறோம். எட்டு வருஷமாகச் சொல்கிறேன், நீ என்னவோ என்னைச் சமையல்காரி மாதிரியே நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

பத்தொன்பது வருஷம் சும்மா இருந்தவளுக்கு இப்போது என்ன அவசரம் என்று எனக்குப் புரியவில்லை. ஒரு குழந்தை தப்பாகப் படித்ததற்காகவா? கையை மடிக்காமல் இருந்தால் போயிற்று.

கேட்டால் விடமாட்டாய் என்பதால் சொல்கிறேன். எங்கள் இயந்திரங்களைப் பழுதுபார்க்க வருகிறவருக்கு இரண்டு கை நிறைய டாட்டூ. அவரிடமும் கேட்டேன். ஆல்பத்தில் பளபளப்பது எல்லாம் குத்திய அன்றே எடுத்த படம். அன்றைக்கு எதுவும் அழகாகத்தான் இருக்கும். ஆறிய பிறகு, ஒரு வருஷம் இரண்டு வருஷம் கழித்து எடுத்த படத்தைக் கேள். கோடு ஒரே தடிமனில் போகிறதா, வளையும் இடத்தில் நடுங்கியிருக்கிறதா, இரண்டு கோடு சேரும் முனையில் ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்கிறதா என்று பார். கோட்டைச் சுற்றி நீலமாகப் பரவியிருந்தால் ஊசி தேவைக்கு மேல் ஆழமாக இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். உன் கையில் இருப்பதே அதற்கு உதாரணம். ஊசி உறையை உன் கண்ணெதிரே பிரிக்க வேண்டும். மையைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். பழையதை மறைப்பது புதிதாகக் குத்துவதைவிடக் கஷ்டமான வேலை. அதில் பழகாதவன் கையில் மாட்டினால் இருப்பதும் கெட்டுவிடும்.

ஆகவே நிதானமாக இரு. இன்னும் ஆறு மாதம் அது அங்கேயே இருந்தால் கை ஒன்றும் உதிர்ந்துவிடாது.

இங்கே ஆள் குறைவு. லீவு இப்போதைக்குக் கிடைக்காது.

வேளைக்குச் சாப்பிடு.

சுண்டு


மார்ச் 4

சுண்டு,

ஒத்தடம் கொடுத்தேன். இரண்டு நாள். நீ சுகமா?

நீ எழுதியதைப் பாடம் மாதிரி படித்துக்கொண்டு இரண்டாவது கடைக்குப் போனேன். மீசையை முறுக்கிவிட்ட ஒரு ஆள். "ஆறின படம் காட்டுங்க" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"ஆறினப்புறம் யாரும்மா திரும்பி வரப்போறாங்க?"

"எங்கிட்ட தைக்கிறவங்க வருவாங்கப்பா. லூசாப் போச்சு, டைட்டாப் போச்சுன்னு வாசல்லயே நிப்பாங்க."

"இது துணி இல்லம்மா."

"அதனாலதான் கேக்கிறேன். துணின்னா பிரிச்சுத் தைச்சிடுவேனே."

கையுறை மாட்டிக்கொண்டான், சந்தோஷப்பட்டேன். அதே கையுறையோடு தாடியைச் சொறிந்தான். போனை எடுத்துப் பேசினான். பிறகு அதே கையால் என் கையைப் பிடித்துப் பார்க்க வந்தான். "வேணாம்பா, நான் வீட்ல கேட்டுட்டு வரேன்" என்று எழுந்துவிட்டேன். என் வீட்டில் யார் இருக்கிறார்கள் கேட்க? வாய்க்கு வந்தது அதுதான்.

மூன்றாவது கடை பரவாயில்லை போலிருக்கிறது. கேட்டதும் ஆறிய படங்களைக் கொடுத்தான். அவற்றைப் போட்டோ கடையில் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்.

இன்னொன்று. போன ஞாயிறு பேசும்போது உன் பக்கத்தில் யாரோ இருமினார்கள். உன் இருமல் இல்லை, கனத்த இருமல். டிவி என்றாய். எந்த டிவியில் அவ்வளவு நேரம் இருமுகிறார்கள்?

பதில் போடு. உடனே.

அம்மா


மார்ச் 30

அன்புள்ள அம்மா,

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. தொடர்ந்து ராத்திரி வேலை. பகலில் அடித்துப் போட்ட மாதிரி தூக்கம். மற்றபடி நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன்.

படங்களைப் பார்த்தேன். ரோஜாவின் இதழ் ஓரம் பார், கோடு ஒரு இடத்தில் நூல் மாதிரி, இன்னொரு இடத்தில் கயிறு மாதிரி. பறவையின் வயிற்றில் நிழல் போட்ட இடம் திட்டுத் திட்டாக இருக்கிறது. ஒரே இடத்தில் ஊசியைத் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறான், தோல் புண்ணாகி ஆறியிருக்கிறது. முதல் படமும் மூன்றாவது படமும் ஒரே கை என்று எழுதியிருக்கிறான், ஆனால் அது அந்தக் கையே இல்லை, மச்சம் இடம் மாறியிருக்கிறது. எங்கிருந்தோ எடுத்த படத்தைத் தன் வேலை என்கிறான். வேண்டாம்.

யாரிடமும் முன்பணம் கொடுத்துவிடாதே.

ஒரு உதவி வேண்டும். வார்டில் ஒருவர் இருக்கிறார். பக்கவாதம், வலது கை தூக்க முடியாது. சட்டை மாட்டுவதற்குள் அவருக்கும் மாட்டுகிறவர்களுக்கும் உயிர் போகிறது. வலது கையைத் தோளிலிருந்து மணிக்கட்டுவரை திறந்து பிரஸ் பட்டன் வைத்து இரண்டு சட்டை தைத்து அனுப்புவாயா? கழுத்து பதினைந்தரை, மார்பு முப்பத்தெட்டு, கை நீளம் இருபத்தைந்தரை. மெல்லிய பருத்தியாக இருக்கட்டும். சொந்தம் என்று வந்து பார்க்க அவருக்கு யாரும் இல்லை.

இருமல் பக்கத்து வீட்டுக்காரருடையது. சுவர் மெல்லியது.

சுண்டு


ஏப்ரல் 15

சுண்டுவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். எல்லாரும் என்றால் நானும் என் இரண்டு மிஷினும்.

மூன்று கடையையும் தள்ளிவிட்டாய். நாலாவதாக ஒன்று சொன்னால் அதற்கும் ஏதாவது சொல்வாய் என்று இப்போது தெரிகிறது. முதலில் மச்சம் இடம் மாறியது என்பாய், பிறகு கடையின் வாசற்படி சரியில்லை என்பாய். நான் உன்னிடம் நல்ல ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். நீ எல்லா ஆளையும் எப்படி ஒதுக்குவது என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய். எனக்குத் தலைவலிதான் மிச்சம்.

அளவு வந்தது. அளவு எடுத்தது நீயா? டேப்பை இழுக்காமல் பிடித்திருக்கிறாய். சட்டை தைத்து அனுப்புகிறேன்.

அம்மா


மே 14

அன்புள்ள அம்மா,

என்ன ஆச்சு உனக்கு? உடம்புக்கு ஒன்றும் இல்லையே? சட்டைப் பொட்டலம் வந்து இரண்டு வாரமாகிறது, உள்ளே ஒரு வரிகூட இல்லை. போன் அடித்தால் காஜாக்கார அக்கா எடுத்து "அவங்க வெட்டிக்கிட்டிருக்காங்க" என்கிறார். ஒரு மாதமாகவா வெட்டுகிறாய்?

சட்டை அருமை. போட்ட உடனே உட்கார்ந்துவிட்டது. கடையில் வாங்கியது எல்லாம் அவருக்கு ஒரு பக்கம் தொங்கும், இது அப்படி இல்லை. பிரஸ் பட்டனை அவரே இடது கையால் அழுத்திப் பார்த்தார். நன்றி.

நான் கடைகளைத் தள்ளினேன் என்று கோபமா? அம்மா, ஊசியால் வரும் நோய்களை நான் தினமும் பார்க்கிறேன். உன் நன்மைக்குச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாய். சின்னக் குழந்தையைவிட மோசம்.

இரண்டு வரி எழுது, போதும்.

சுண்டு


ஜூன் 5

சுண்டுவுக்கு, அம்மா.

உயிரோடு இருக்கிறேன். நீ இளைத்திருப்பாய் என்று தோன்றுகிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஆள் கிடைத்துவிட்டாள். மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் ஒரு சின்ன அறை. பலகை இல்லை. நாற்பது வயதிருக்கும். போன அன்றைக்கே பார்க்க மாட்டாளாம், நாள் குறித்துக் கொடுத்து வரச் சொன்னாள். அதிலேயே எனக்குப் பாதி எரிச்சல். போன பிறகு சர்க்கரை இருக்கிறதா, புண் ஆற நாளாகுமா, என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று உன்னைப்போலவே குடைந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு என் கையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"ரொம்ப ஆழமா குத்தியிருக்காங்க. தழும்பு தூக்கிட்டு நிக்குது."

"கண்காட்சியில ஒருத்தன் குத்தினான். அழுதுட்டேன்."

"குத்தினவன் கெடுத்துட்டான். ஆனா எழுத்த வரைஞ்சு கொடுத்தவர் வேற ஆளு போல இருக்கே. இந்த வளைவு பாருங்க, இது பழகின கை."

பேருக்குச் சொந்தக்காரரே வரைந்தது, கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவர் என்று மட்டும் சொன்னேன்.

ஆறிய படம் கேட்டேன். ஒரே கை, குத்திய அன்று ஒன்று, ஐந்து வருஷம் கழித்து ஒன்று. நீ சொன்ன மச்சம் எல்லாம் சரிபார்த்தேன். அதற்கப்புறம் அவள் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. இன்னொரு படத்தை எடுத்து வைத்து, "இது நான் கெடுத்தது. முழங்கை பக்கத்துல தோல் மெலிசுன்னு தெரியாம அழுத்திட்டேன், கோடு தடிச்சுப்போச்சு" என்றாள். முப்பது வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன் சுண்டு. இழுத்துத் தைத்துவிட்டதை நானே ஒரு வாடிக்கைக்காரருக்கும் எடுத்துக் காட்டியதில்லை.

என்ன படம் வேண்டும் என்றாள். பூ என்றேன். பூவில் இந்த எழுத்து அடங்காதாம், இதழ் வழியாக எட்டிப்பார்க்குமாம். கறுப்பு நிறைய இருக்கும் படம் வேண்டுமாம். காகம், சிறுத்தை என்றாள். "நான் என்ன காடா?" என்றேன். கடைசியில் என் வெட்டுக் கத்தரியை எடுத்து வரச் சொன்னாள். அதன் கைப்பிடி இரண்டும் கறுப்பு. ஒரு பிடிக்குள் இரண்டு எழுத்து, இன்னொரு பிடிக்குள் இரண்டு. ஒரே நாளில் முடியாது, நடுவில் ஆறவிட்டு இரண்டு தடவை என்றாள். கத்தரி என்றால் வெட்டிவிடுவது என்று நீ அர்த்தம் பண்ணாதே. என் சோறு அதில்தான் வருகிறது.

இப்போது சட்டைக்கு வருகிறேன். நீ கழுத்தும் மார்பும் கையும் எழுதினாய், கை நீளத்தைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம். இடது தோள் அரை இஞ்சு இறங்கியிருக்கும் என்று எழுதவில்லை. இடது கையில் பெயிண்ட் டப்பாவோடு வருஷக்கணக்கில் சாரத்தில் நின்று போர்டு எழுதியவருக்கு அப்படி ஆகிவிடும். நானே இறக்கி வெட்டினேன். போட்ட உடனே உட்கார்ந்துவிட்டது என்று நீ எழுதியிருக்கிறாய்.

இரண்டு சட்டையையும் தைத்து முடித்து, கையில் வைத்துக்கொண்டு, பொட்டலம் கட்ட எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

எப்போது சொல்வதாக இருந்தாய்?

அம்மா


ஜூன் 10

அம்மா,

நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை. சொல்லிவிடுகிறேன்.

ஜனவரியில் வந்தார். வந்தார் என்பதுகூடத் தப்பு. அந்த வீட்டுப் பையன் அவரைப் பஸ்ஸில் கூட்டிவந்து ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, காவலாளியிடம் என் பேரைச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அந்த அம்மாள் போன வருஷம் இறந்துவிட்டாராம். நான் இங்கே வேலை பார்ப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பெஞ்சில் இருந்தவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. "சுண்டு" என்றார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்ததால் அது "சுன்னு" என்று வந்தது.

இரண்டு வாரம் வார்டில் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். எங்கே அனுப்புவது? முன்னறையில் கட்டில் போட்டிருக்கிறேன். நான் வேலைக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துக்கொள்கிறார்.

முதல் வாரம் அவர் உன்னைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். பேச்சு வரவில்லை. தன் கையைத் தட்டிக் காட்டி, "இருக்கா?" என்றார். "இருக்கு" என்றேன். அன்றைக்குத்தான் தட்டில் வைத்ததை முழுதாகச் சாப்பிட்டார். அதற்கு அடுத்த வாரம் உன் முதல் கடிதம் வருகிறது, மறைக்கப் போகிறேன் என்று!

நான் என்ன செய்வேன்? கடைகளைப் பற்றி நான் சொன்ன குறையெல்லாம் உண்மைதான். ஆனால் நல்ல கடையாகவே இருந்திருந்தாலும் ஏதாவது குறை சொல்லியிருப்பேன். அவர் தேறட்டும், நீ ஒரு தடவை பார்க்கட்டும், பிறகு எது வேண்டுமானாலும் செய்துகொள் என்று நாள் கடத்தினேன். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று நினைக்காதே. சட்டை மாட்டும்போது கொஞ்சம் முரட்டுத்தனமாகவே இழுக்கிறேன். பிறகு எனக்கே வெட்கமாகிவிடுகிறது.

திட்டி எழுது. எழுதாமல் இருந்துவிடாதே.

சுண்டு


ஜூலை 8

சுண்டு,

திட்டுவதற்குத்தான் உட்கார்ந்தேன். நாலு தாள் கிழித்துப் போட்டுவிட்டேன்.

அவரை நீ உள்ளே விட்டதற்காகத் திட்டவில்லை. வாசலில் விட்டுவிட்டு வந்திருந்தாலும் திட்டியிருக்க மாட்டேன். அது உன் அப்பா, உன் கணக்கு. ஆனால் அரை வருஷம் ராத்திரி வேலையும் பார்த்துவிட்டு, பகலில் ஒரு ஆளைத் தூக்கி, துடைத்து, ஊட்டி, நடுவில் எனக்கு ரோஜா இதழின் கோட்டைப் பற்றிப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாயே, உனக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்கிறதா? சொன்னால் நான் என்ன செய்துவிடுவேன் என்று பயந்தாய்? கத்துவேன். கத்திவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்திருப்பேன். உனக்கு வாய் எதற்கு இருக்கிறது?

என் கையில் என்ன இருக்க வேண்டும் என்று அவர் சாப்பாட்டை வைத்து நீ முடிவு செய்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் சாப்பிடுவதற்காக நான் பேரைச் சுமக்க முடியாது.

போன வியாழன் முதல் தடவை முடிந்தது. ஊசி உறையைக் கண்ணெதிரே பிரித்தாள், மையைக் கிண்ணத்தில் ஊற்றினாள், உனக்குத் திருப்தியா? வலித்தது. கண்காட்சியில் வலித்த அளவு இல்லை. இப்போது தோல் உரிகிறது, சொறியாமல் இருப்பதுதான் பெரிய பாடு.

வருகிற சனிக்கிழமை வருகிறேன். அவருக்காக வரவில்லை. நீ ஒரு நாளாவது குறுக்கே யாரும் எழுப்பாமல் தூங்க வேண்டும். அதற்காக வருகிறேன். எனக்கென்று எதுவும் சமைத்து வைக்காதே.

அம்மா


ஜூலை 29

அன்புள்ள அம்மா,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? சேர்ந்தேன் என்று சொல்லக்கூட உனக்கு நேரமில்லை. கை உரிந்து முடிந்ததா? களிம்பு தடவுகிறாயா?

நீ வந்ததே கனவு மாதிரி இருக்கிறது. சனிக்கிழமை காலை வேலை முடிந்து வந்து படுத்தவள், கண் விழித்தால் வெளியே இருட்டிவிட்டது. துணியெல்லாம் மடித்து வைத்திருக்கிறது, நீ அடுப்படியில் இருக்கிறாய். ஞாயிறும் அப்படியே தூங்கினேன். எழுந்து பார்த்தால் நீ இல்லை. எழுப்பிச் சொல்லிவிட்டுப் போகக் கூடாதா? யாராவது இப்படிப் போவார்களா?

அது ஒரு பக்கம் இருக்கட்டும். இங்கே இவரை என்ன செய்துவிட்டுப் போனாய்? நீ போன மறுநாளிலிருந்து பேனா கேட்கிறார். இடது கையால் செய்தித்தாள் ஓரமெல்லாம் கிறுக்குகிறார். நான் பார்த்தால் மூடிக்கொள்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு, வியர்த்து, ஒரு கோட்டைப் போடுவதற்குள் பேனாவை இரண்டு தடவை கீழே போடுகிறார். எடுத்துக் கொடுத்தால் முறைக்கிறார். பாதி தாள் கிழிந்துவிட்டது, நான் இன்னும் படிக்கவே இல்லை. "என்ன எழுதுறீங்க?" என்றால், "உங்க... அம்மாவ... கேளு" என்கிறார். உன்னைக் கேட்டால் நீ போனை எடுப்பதில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நான் என்ன தபால்காரியா?

என்ன பேசினீர்கள்? நான் தூங்கும்போது என்ன நடந்தது? ஒளிக்காமல் எழுது. ஒளித்து வைக்கிற வேலையை நான் விட்டுவிட்டேன், நீ ஆரம்பிக்காதே.

சுண்டு


ஆகஸ்ட் 16

அன்புள்ள சுண்டுவுக்கு,

அம்மா சுகம். கை நன்றாக ஆறிவிட்டது. நீ வாய் திறந்து தூங்குகிறாய், சின்ன வயதிலும் அப்படித்தான். எழுப்ப மனம் வரவில்லை, அதற்கு இவ்வளவு கோபமா?

நடந்ததைச் சொல்கிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை முழுக்க நான் முன்னறைப் பக்கம் தேவைக்கு மேல் போகவில்லை. தட்டை வைத்தேன், எடுத்தேன். அவரும் என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். ஞாயிறு மதியம் சட்டை மாற்ற வேண்டியிருந்தது. நீ தூங்குகிறாய், வேறு வழியில்லை. பட்டனை அழுத்திக்கொண்டிருக்கும்போது என் கையைப் பார்த்துவிட்டார். கத்தரியின் கோடு முழுதும் போட்டிருக்கிறது, ஒரு பிடி மட்டும் கறுப்பாகிவிட்டது. இன்னொரு பிடிக்குள் இரண்டு எழுத்து இன்னும் வெளியே தெரிகிறது.

"பா...தி" என்றார்.

"ஆமா. மீதி அடுத்த மாசம்."

அவருடைய இடது கை மெல்ல வந்தது. தொடுவாரோ என்று நான் இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். தொடவில்லை. கத்தரியின் அலகு போகிற வழியிலேயே, தோலுக்கு மேல் காற்றில் விரலை ஓட்டினார். போர்டு எழுதுவதற்கு முன்னால் அப்படித்தான் ஓட்டிப் பார்ப்பார், உனக்கு நினைவிருக்குமோ என்னவோ.

"நல்ல... கை" என்றார்.

"குத்தினவளுக்கு நடுங்காத கை" என்றேன்.

விரலை மடக்கிக்கொண்டார். பிறகு, "அழிச்...சிட்டியா?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை சுண்டு. கேட்பதற்கு இந்த ஒன்றுதானா இருக்கிறது? நீ எப்படிப் பிழைத்தாய், இந்தப் பெண்ணை எப்படிப் படிக்க வைத்தாய் என்று ஒரு கேள்வி இல்லை. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். நீ உள்ளே புரண்டு படுத்தாய். குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"அழிக்க முடியாதாம். மூடத்தான் முடியுமாம்."

அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. மன்னிப்பு கேட்க ஆரம்பித்தார். அந்த வார்த்தை அவர் வாயில் துண்டு துண்டாக வந்தது, முதல் எழுத்திலேயே நின்றது. பார்க்கச் சகிக்கவில்லை. "விடுங்க, நாக்கு வலிக்கப் போவுது" என்றேன். கடைசி பட்டனையும் போட்டுவிட்டேன்.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போதுதான் அதைச் சொன்னேன். யோசித்து வைத்திருந்து சொன்னதில்லை. உன் மேஜையில் கிடந்த பேனாவை எடுத்து அவருடைய இடது கையில் வைத்தேன். ஊரில் உள்ள கடைக்கெல்லாம் பேர் எழுதிக் கொடுத்த ஆள், பேனாவை முள்கரண்டி மாதிரி பிடித்தார். விரலைச் சரிசெய்து விட்டேன்.

"உங்க பேர இனிமே நீங்களே எழுதிப் பழகுங்க. என் கையில அதுக்கு இடம் இல்ல" என்றேன்.

தலையாட்டினார். நான் வந்துவிட்டேன்.

அவ்வளவுதான். அவர் கிறுக்குவது அதுதான். தாளைக் கேட்டால் கொடு. பேனா விழுந்தால் நீ எடுத்துக் கொடுக்காதே, அவரே எடுக்கட்டும்.

மீதி இரண்டு எழுத்துக்கு வியாழக்கிழமை நாள் கொடுத்திருக்கிறாள். அது ஆறிய பிறகு மாதத்துக்கு ஒரு சனி, ஞாயிறு அங்கே வருவேன். வரும் நாளில் நீ தூங்கு, இல்லை வெளியே போ, சினிமா பார், உன் வயதுக்காரர்களோடு பேசு. எனக்கு அவரோடு பேச ஒன்றும் இல்லை, சட்டை மாற்றி விடுவேன்.

இன்னும் இரண்டு சட்டை வெட்டியிருக்கிறேன். வெந்நீரில் போட்டுவிடாதே, சுருங்கிவிடும்.

அம்மா